கடற்போர் நெறியில் வழுவும் வழுவமைதியும்

முன்னுரை

மொழி காலந்தோறும் மாறும் இயல்பினது. பழைய வழக்குகள் சில வீழ்தலும் புதிய வழக்குகள் சில தோன்றுதலும் குற்றமாகா. அவை காலத்தின் இயல்பே என்பது நன்னூலார் கருத்து. ஆயினும், மாறுதல் குற்றமன்று எனக் கூறிய அவ்விலக்கண மரபே, பேசுவோர் பிழைபடக் கூறுவன அனைத்தையும் மாறுதல் என ஏற்றுக்கொள்ளவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை அது வகுத்துக் காட்டிற்று. இலக்கணத்தோடு பொருந்தி நிற்பது வழாநிலை. பொருந்தாது பிறழ்வது வழு. பிறழினும் தக்க காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஒருவன் தன் பசுவை உவகை மிகுதியால் அன்னை என உயர்திணையாற் கூறுவது திணை வழுவமைதியாகும். அவ்வாறு கூறியதனாற் பசு உயர்திணை ஆகிவிடுவதில்லை, விதியும் மாறிவிடுவதில்லை. விதி ஒன்று உண்டு என்பது பற்றியே அதனை ‘அமைதி’ என்கிறோம்.

இப்பாகுபாடு சொல்லிலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும், போர், அமைதி ஆகியன பற்றிய பன்னாட்டு நெறிகளின் வரலாற்றை ஆராய்வார்க்கும் இது நல்லதோர் அளவுகோலாக உதவும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்நெறிகள் காலத்தால் மாறுமா என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. நெறிகள் ஒப்பந்தங்களில் எழுதப்பட்டவை. எழுத்து மாறினாலன்றி அவை மாறா என்பர் ஒரு சாரார். வலிய நாடுகள் எதனைச் செய்கின்றனவோ அதுவே நெறி. அவை மீறிய அன்றே பழைய நெறி இறந்துபட்டது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றை முற்றும் ஏற்பின், நெறி நூலகத்துப் பழம்பொருளாய் முடியும். பின்னவர் கூற்றை முற்றும் ஏற்பின், குற்றம் என்பதொன்றே இல்லையாகும். மீறியவன் குற்றவாளி ஆகாமல் சட்டம் இயற்றியவன் ஆகிவிடுவான்.

இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்குளது என்பதைக் காண, ஒரே நெறியின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குதல் தக்கது. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது, போர்க்காலத்திற் கடலிற் செல்லும் வணிகக் கப்பலையும் அதிலுள்ள மக்களையும் பற்றிய நெறி. இந்நெறி மும்முறை எழுதப்பட்டது; பன்முறை மீறப்பட்டது; ஒருமுறை நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. ஆதலின் நம் வினாவுக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

1. பழைய வழக்கு

ஐரோப்பிய நாடுகள் கடலில் ஒன்றோடொன்று பொருத காலத்தில் இருவகைக் கப்பல்கள் போரில் ஈடுபட்டன. ஒன்று அரசின் போர்க்கப்பல். மற்றொன்று, அரசனிடம் உரிமைச்சீட்டுப் பெற்றுப் பகைநாட்டு வணிகரைக் கொள்ளையிட்ட தனியார் கப்பல். கொள்ளைக்காரனுக்கும் இத்தனியாருக்கும் இடையே இருந்த வேறுபாடு கையிலிருந்த ஓலை ஒன்றே. பல நூற்றாண்டுகளாக இது நெறிக்குட்பட்ட தொழிலாகவே கருதப்பட்டது.

கிரிமியப் போரின் முடிவில், 1856-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16-ஆம் நாள், பாரிசு நகரிற் கூடிய அரசுகள் நான்கு விதிகளைக் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டன. தனியார் கப்பல்கள் உரிமைச்சீட்டோடு கொள்ளையிடும் முறை ஒழிக்கப்பட்டது என்பது அவற்றுள் முதல் விதி. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வறிக்கையில் ஒப்பமிடவில்லை. தனியார் உடைமை அனைத்துக்கும் கடலிற் பாதுகாப்பு அளித்தாலன்றி இதனை ஏற்க இயலாது என்பது அந்நாட்டின் வாதம். ஆயின் 1898-இல் இசுப்பெயினோடு போர் மூண்டபோது, தான் ஒப்பமிடாத அவ்வறிக்கையின் விதிகளைப் பின்பற்றுவதாக அமெரிக்க அரசே அறிவித்தது. இசுப்பெயினும் ஒப்பமிடாத நாடே; உரிமைச்சீட்டு வழங்கும் உரிமை தனக்கு உண்டெனக் கூறிக்கொண்டும் அதனைப் பயன்படுத்தவில்லை.

இது நெறி மாறியமைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எழுத்தில் மாறியது 1856. வழக்கில் மாற்றம் நிறைவுற்றது, ஒப்பமிடாதாரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்ட 1898. எனவே, நெறிகள் மாறா என்பாரது கூற்று வரலாற்றோடு பொருந்தாது என்பது முதற்கண் பெறப்படும்.

தனியார் கொள்ளை ஒழிந்தபின் எஞ்சியது போர்க்கப்பலுக்குரிய நெறி. அது வருமாறு: பகைநாட்டு வணிகக் கப்பலைப் போர்க்கப்பல் நிறுத்தலாம், ஏறிச் சோதிக்கலாம், பிடித்துத் தன் துறைமுகத்துக்குக் கொண்டு சென்று நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெறலாம். கொண்டு செல்ல இயலாத நெருக்கடியில் அதனை மூழ்கடிக்கவும் செய்யலாம். ஆனால், மூழ்கடிக்குமுன் அதிலுள்ள மக்களையும் கப்பலின் ஏடுகளையும் பாதுகாப்பான இடத்திற் சேர்த்தல் வேண்டும். பொருள் பறிபோகலாம், உயிர் பறிபோகலாகாது என்பதே இந்நெறியின் பிழிவு.

போர் தொடங்குமுன் போரிடாதாரை அரண் சேருமாறு அறிவிக்கும் அறத்தை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டால் தமிழறிஞர் நன்கறிவர். அதனோடு இந்நெறியை ஒப்பிட விருப்பம் எழுதல் இயல்பு. ஆயினும் ஒப்புமை வேறு. வரலாற்றுத் தொடர்ச்சி வேறு. ஐரோப்பியர்தம் கடல் வழக்கு தமிழ்ப் புறத்துறையினின்றும் தோன்றியதன்று. ஆதலின் அவ்வொப்புமையை ஈண்டு விரியாது விடுத்து, இந்நெறி நம் கரையை உண்மையிலேயே தீண்டிய நிகழ்ச்சியை நோக்குவாம்.

2. வங்கக் கடலில் எம்டன்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகிப் பர்மா எண்ணெய்க் குழுமத்தின் சேமிப்புத் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. தாக்குதல் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே நீடித்தது. கரையிலிருந்த பீரங்கிகளும் எதிர்த்துச் சுட்டன. அழிவு பெரிதன்று, அச்சமே பெரிது. மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். ‘எம்டன்’ என்னும் சொல் தமிழிற் புகுந்து, எளிதிற் பிடிபடாத வல்லாளனைக் குறிக்கும் பேச்சு வழக்காயிற்று. உயர்நீதிமன்றத்தின் கீழ்ப்புற மதிலில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல் இன்றும் உள்ளது.

காவலற்ற துறைமுகங்களையும் ஊர்களையும் கடற்படையாற் சுடுதல் கூடாது என 1907-இல் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை ஒன்று விலக்கியிருந்தது. எனினும், பகைவர் கப்பற்படைக்குப் பயன்படத்தக்க கிடங்குகளையும் பட்டறைகளையும் அழித்தற்கு அதுவே இடந்தந்தது. எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லர் எண்ணெய்த் தொட்டிகளைக் குறியாகக் கொண்டமை இவ்வெல்லையை உட்கொண்டே எனலாம்.

சென்னைத் தாக்குதலினும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது, அக்கப்பல் வணிகக் கப்பல்களை நடத்திய முறையாகும். இரண்டு திங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை அது பிடித்தது. அவற்றை மூழ்கடிக்குமுன் மாலுமிகளையும் பயணிகளையும் இறக்கிக்கொள்வதும், பிடிபட்ட கப்பல்களுள் ஒன்றை அழிக்காது விட்டு அதில் அவர்களை ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவதும் அதன் வழக்கம். கபிங்கா என்னும் கப்பல் இவ்வாறு மக்களை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை நோக்கி அனுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள் பினாங்குக்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தபோதும், நீரில் தத்தளித்தோரை எம்டனின் மாலுமிகள் ஏற்றிக் காத்தனர். நவம்பர் 9-ஆம் நாள் கோக்கசுத் தீவுகளுக்கு அருகே ஆசுதிரேலியப் போர்க்கப்பலாகிய சிட்னி எம்டனை வீழ்த்திற்று. பகைவர் செய்தித்தாள்களும் அதன் தலைவரைப் பாராட்டின.

இதனை அத்தலைவரின் தனிப்பண்பு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. எம்டன் விரைந்து செல்லவல்லது, மாலுமிகள் மிக்கது, பிடிபட்டோரைத் தங்கவைக்க இடமுடையது, வணிகக் கப்பலின் எதிர்ப்புக்கு அஞ்ச வேண்டாதது. பழைய நெறி இத்தகைய கப்பலை மனத்திற்கொண்டே அமைந்தது. ஆதலின் அதனைக் கைக்கொள்ளுதல் அவர்க்கு எளிதாயிற்று. நெறிக்கும் கருவிக்கும் இருந்த இப்பொருத்தம் விரைவிலேயே குலைந்தது.

3. நீர்மூழ்கியின் வரவு

நீர்மூழ்கிக் கப்பலின் வலிமை அதன் மறைவே. நீர்மேல் எழுந்து எச்சரித்தால் அவ்வலிமை போய்விடும். மெல்லிய உடலையுடைய அதனை வணிகக் கப்பலில் உள்ள சிறு பீரங்கியும் அழித்துவிடும். பிடித்த கப்பலை நடத்திச் செல்ல ஆளில்லை; பிடிபட்டோரை ஏற்ற இடமில்லை. ஆகவே பழைய நெறியை இப்புதிய கருவி கைக்கொள்ளுமாயின், அது கருவியாகப் பயன்படுவதே அரிதாகும்.

1915 பிப்ரவரி 4-ஆம் நாள், பிரிட்டனைச் சூழ்ந்த கடல் முழுவதும் போர்க்களம் எனவும், பதினெட்டாம் நாள் முதல் அங்குக் காணப்படும் பகைநாட்டு வணிகக் கப்பல்கள் அழிக்கப்படும் எனவும் செருமனி அறிவித்தது. அவ்வறிவிப்புக்கு அது கூறிய காரணம் கருதத்தக்கது. பழைய நெறி ஒழிந்தது என்று அது கூறவில்லை. பிரிட்டன் நடுநிலை நாடுகளின் வணிகத்தையும் தடுத்துச் செருமனி மக்களைப் பட்டினியிட முயல்கிறது, அதற்கு எதிர்ச்செயலே இது என்று கூறிற்று. மார்ச்சுத் திங்களில் பிரிட்டனும் தன் முற்றுகையை மேலும் இறுக்கியபோது, செருமனியின் செயலுக்கு எதிர்ச்செயல் இது என்றே கூறிற்று. எதிர்ச்செயல் என்பது, பகைவன் செய்த தவற்றைக் காரணங்காட்டித் தானும் விதியினின்று விலகுதல். இலக்கண வழக்கிற் கூறின், இருவரும் தத்தம் செயலுக்கு வழுவமைதி தேடினர். வழுவமைதி தேடுவோன் விதியை மறுப்பவன் அல்லன். விதியைச் சான்றாக வைத்தே தனக்கு விலக்குக் கேட்பவன்.

மே 7-ஆம் நாள் அயர்லாந்துக் கரைக்கு அருகே லுசித்தானியா என்னும் பயணக் கப்பல் தாக்குண்டு, பதினெட்டு நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர்; அவர்களுள் அமெரிக்கர் 128 பேர். அடுத்த ஆண்டில் சசெக்சு என்னும் கப்பலும் தாக்கப்பட்டபின், எச்சரியாது வணிகக் கப்பல்களை அழிப்பதில்லை என 1916 மே 4-ஆம் நாள் செருமனி உறுதி கூறிற்று. அவ்வுறுதி 1917 பிப்ரவரி முதல் நாள் கைவிடப்பட்டது. இத்தகைய போர் மனித இனம் முழுவதற்கும் எதிரான போர் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் ஏப்பிரல் 2-ஆம் நாள் தம் நாட்டுப் பேரவையிற் கண்டித்தார். ஏப்பிரல் 6-ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது.

இப்போரிற் கடலில் மாண்டோருள் ஐரோப்பியர் மட்டும் இல்லை. பிரிட்டானிய வணிகக் கப்பல்களின் அடுப்பறைகளிலும் மேல்தளங்களிலும் உழைத்த இந்திய மாலுமிகள் பலரும் உயிர் துறந்தனர். வங்காளம், அசாம், வடஇந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 896 மாலுமிகளின் நினைவாகக் கல்கத்தாவில் ஊகிளி ஆற்றங்கரையில் 1924-இல் எழுப்பப்பட்ட சின்னம் இன்றும் நிற்கின்றது. போர் தொடுப்பதா வேண்டாவா என்பது பற்றி அவர்களை எவரும் வினவியதில்லை. மூழ்கடிக்குமுன் மக்களை இறக்குக என்னும் விதி யாருக்காக எழுந்தது என வினவுவார்க்கு இச்சின்னம் விடை கூறும்.

4. மீண்டும் எழுதிய விதி

பெரும்போர் முடிந்தபின் நாடுகள் செய்தது யாது? மீறப்பட்ட விதியை நீக்கினவா, மீண்டும் எழுதினவா என்பதே வினா. அவை மீண்டும் எழுதின. 1922-இல் வாசிங்டனில் இயற்றிய உடன்படிக்கை, இவ்விதியை மீறுவோரைக் கடற்கொள்ளைக்காரரைப் போன்றே தண்டிக்கலாம் என்றது. பிரான்சு உறுதி செய்யாமையின் அது நடைமுறைக்கு வரவில்லை. 1930-ஆம் ஆண்டு இலண்டன் கடற்படை உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவில் விதி இடம்பெற்றது. அதுவே 1936 நவம்பர் 6-ஆம் நாள் தனி ஆவணமாக வெளியாயிற்று. அத்திங்களிலேயே செருமனியும் அதனை ஏற்றது. இரண்டாம் உலகப்போர் தொடங்குமுன் ஏறத்தாழ ஐம்பது நாடுகள் அதற்கு உட்பட்டிருந்தன.

இவ்விதி நீர்மூழ்கிக்கும் நீர்மேற் செல்லும் கப்பலுக்கும் ஒரே கடமையை வகுத்தது. நிறுத்துமாறு பணித்தும் நில்லாமை, சோதனையை எதிர்த்தல் ஆகிய இரண்டிடத்தன்றி, மக்களையும் ஏடுகளையும் பாதுகாவாது வணிகக் கப்பலை மூழ்கடித்தலாகாது. கப்பலின் சிறு படகுகளைப் பாதுகாப்பான இடமாகக் கொள்ளுதலும் கூடாது; அப்போதைய கடல், காற்று நிலையில், கரை அருகிருத்தலாலோ, ஏற்றிக்கொள்ளவல்ல வேறு கப்பல் உடனிருத்தலாலோ மக்களின் காப்பு உறுதியானாலன்றி, அவை காப்பாகா. நடுக்கடலிற் படகில் இறக்கிவிட்டோம் என்று கூறித் தப்புதற்கு இடமில்லாதவாறு சொற்கள் அளந்து அமைக்கப்பட்டன.

கருவி மாறிய பின்னரும் விதியை மாற்றாது நாடுகள் மீண்டும் எழுதியமை ஏன்? பிரிட்டனுக்கு வணிகக் கப்பல்களே உயிர்நாடி என்பது ஒரு காரணம். நலம் கலவாத நெறி அரிது. ஆயினும் நலம் ஒன்றே காரணமாயின் ஐம்பது நாடுகள் உடன்பட்டிரா. மீறுதல் மாறுதல் அன்று என்பதை நாடுகள் தம் கையாலேயே எழுதிக் காட்டின என்று கொள்ளுதலே ஏற்புடைத்து.

5. இரண்டாம் பெரும்போர்

1939 செப்டம்பர் 3-ஆம் நாள், பிரிட்டன் போர் அறிவித்த அன்றே, அத்தீனியா என்னும் பயணக் கப்பலைச் செருமானிய நீர்மூழ்கி ஒன்று எச்சரியாது மூழ்கடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். செருமானிய அரசு அச்செயலைத் தன் செயலன்று என மறுத்தது. பழியைப் பிரிட்டன் மீதே சுமத்தியது. அந்நீர்மூழ்கியின் நாட்குறிப்பும் திருத்தி எழுதப்பட்டது. உண்மை நியூரம்பர்க்கு வழக்கிலேயே வெளியாயிற்று.

இம்மறுப்பு வெறும் பாசாங்கு, ஆராய்ச்சிக்கு உதவாதது எனச் சிலர் கூறலாம். அஃது அன்று. பொய் கூறுவோன் எதனை மறைக்கின்றான் என்பது, அவன் எதனைக் குற்றமெனக் கருதுகின்றான் என்பதற்குச் சான்று. விதி இறந்துபட்டிருப்பின் நாட்குறிப்பைத் திருத்த வேண்டிய தேவை எழுந்திராது. 1939-இல் நிகழ்ந்தது வழு. செய்தவரே வழுவென அறிந்த வழு.

போர் வளர வளர நிலைமை மாறிற்று. பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களுக்குப் பீரங்கி பொருத்தியது. நீர்மூழ்கியைக் கண்டால் வானொலி வழி அறிவிக்கவும், இயன்றால் மோதவும் பணித்தது. போர்க்கப்பல்களின் காவலோடு அவற்றைக் கூட்டமாக அனுப்பியது. போரில் இவ்வாறு பங்குகொண்ட கப்பல் முன்போல் வணிகக் கப்பலாகுமா என்னும் ஐயம் எழுந்தது. 1940 மே 8-ஆம் நாள், சுகாகெராக்கு என்னும் கடற்பகுதியிற் காணப்படும் கப்பல்கள் அனைத்தும் கண்டவுடன் மூழ்கடிக்கப்படும் எனப் பிரிட்டானியக் கடற்படைத் தலைமை அறிவித்தது. 1941 டிசம்பர் 7-ஆம் நாள், சப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் நடத்துமாறு அமெரிக்கக் கடற்படைக்கு ஆணை பிறந்தது. 1917-இல் எச்செயலைக் கண்டித்து ஒரு நாடு போரில் இறங்கியதோ, அச்செயலையே இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அந்நாடு தன் போரின் முதல் நாளிலேயே மேற்கொண்டது.

1942 செப்டம்பர் 12-ஆம் நாள் தென் அட்லாண்டிக்குக் கடலில் இலக்கோனியா என்னும் கப்பலைச் செருமானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அக்கப்பலில் இத்தாலியப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 1,800 பேர் இருந்தனர். நீர்மூழ்கியின் தலைவர் ஆர்ட்டன்சுடைன் நீரில் தத்தளித்தோரைத் தம் கப்பலில் ஏற்றினார். உதவி வேண்டி ஆங்கிலத்திற் செய்தி பரப்பினார். செஞ்சிலுவைக் கொடியை விரித்துக் காட்டினார். நான்காம் நாள் அமெரிக்க வானூர்தி ஒன்று அந்நீர்மூழ்கியின்மீது குண்டு வீசிற்று. ஏற்றப்பட்டோர் மீண்டும் கடலில் இறக்கப்பட்டனர். அந்நிகழ்ச்சியில் மாண்டோர் 1,600-க்கு மேற்பட்டோர். மறுநாள் செருமானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்சு, மூழ்கிய கப்பலின் மக்களைக் காக்க இனி முயலற்க என ஆணையிட்டார். நெறியைக் கைக்கொண்டவனும் பகைவன் நெறியை நம்பாதவனும் ஒரே கடற்பரப்பில் எதிர்ப்பட்டபோது, இருவர்க்கும் இடையே இறந்துபட்டோர் கையில் ஆயுதம் இல்லாதாரே.

6. நியூரம்பர்க்குத் தீர்ப்பு

போர் முடிந்தபின் டோனிட்சு நியூரம்பர்க்கு நகரில் நான்கு நாடுகள் அமைத்த நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவர் சார்பில் வழக்காடிய கிரான்சுபூலர், அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்சுக்கு எழுத்து மூலம் வினாக்களை விடுத்தார். பசிபிக்குக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் போரின் முதல் நாள் தொட்டுக் கட்டுப்பாடின்றியே போரிட்டன என நிமிட்சு ஒளியாது விடையளித்தார்.

நீதிமன்றம் என் செய்தல் கூடும்? எல்லாரும் மீறினர், ஆதலின் விதி இல்லை எனலாம். விதி உண்டு, ஆதலின் தோற்றவனை மட்டும் தண்டிப்போம் எனலாம். 1946 அக்டோபர் முதல் நாள் உரைத்த தீர்ப்பு இரண்டும் கூறவில்லை. பீரங்கி ஏந்திய பிரிட்டானிய வணிகக் கப்பல்களைத் தாக்கியமைக்கு டோனிட்சைக் குற்றவாளியாகக் கொள்ள அது முன்வரவில்லை; அத்தகைய கப்பல் விதியின் காப்புக்கு உரியதா என்னும் ஐயத்தின் பயன் அவரைச் சார்ந்தது. ஆனால், கடற்பகுதிகளைப் போர்க்களமாக அறிவித்து, அங்கு வந்த நடுநிலை நாட்டுக் கப்பல்களை எச்சரியாது மூழ்கடித்தமை 1936-ஆம் ஆண்டு விதிக்கு மாறானது என்றே கூறிற்று. கூறியபின், பிரிட்டனின் 1940-ஆம் ஆண்டு அறிவிப்பையும் நிமிட்சின் விடையையும் எடுத்துக்காட்டி, டோனிட்சுக்குரிய தண்டனை நீர்மூழ்கிப் போர்விதியை மீறியமை பற்றி அளக்கப்படவில்லை என முடித்தது. பிற குற்றங்களுக்காக அவர் பத்தாண்டுச் சிறை பெற்றார்.

இத்தீர்ப்பு நம் ஆராய்ச்சியின் மையம். இதனை வழுவமைதி எனலாமோ எனின், ஆகாது. நீதிமன்றம் அச்செயலை அமைத்துக்கொள்ளவில்லை, விதிமீறல் என்றே பெயரிட்டது. விதி மாறிற்று எனலாமோ எனின், அதுவும் ஆகாது; மாறியிருப்பின் மீறல் என்னும் பெயரே பொருந்தாது. எல்லாரும் மீறிய விதி, தண்டிக்கும் ஆற்றலை இழக்கின்றது. குற்றத்துக்குப் பெயரிடும் ஆற்றலை இழப்பதில்லை. இவ்விரண்டாற்றலும் வேறு வேறு என்பதே தீர்ப்பினாற் போதரும் உண்மை. வென்றோருள் எவரும் இக்குற்றத்துக்காக வழக்கில் நிறுத்தப்படவில்லை என்பது மறைக்கத்தகாத குறை. ஆயினும் வென்றோர் அமைத்த நீதிமன்றமே வென்றோரின் செயலையும் தன் ஏட்டிற் பதிந்து வைத்தமை சிறிய செய்தியன்று.

இனி, இதே தீர்ப்பின் மற்றொரு பகுதி இதற்கு நேர்மாறான இயல்பினது. டோனிட்சு எக்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றாரோ, அவற்றுள் ஒன்று வலிந்து தாக்கும் போரை நடத்தியமை. போர் தொடுத்தல் அரசுகளின் உரிமை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருதப்பட்டது. 1928 ஆகஸ்டு 27-ஆம் நாள் பாரிசிற் கையெழுத்தாகிப் பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற உடன்படிக்கை, போரை நாட்டுக் கொள்கையின் கருவியாகக் கொள்ளுதலைக் கைவிட்டது. ஆயின் மீறுவோர்க்குரிய தண்டனை எதனையும் அது கூறவில்லை. நீதிமன்றம் அதனை அடியாகக் கொண்டு தனி மனிதரைத் தண்டித்தது. செயலுக்குப் பின் வகுத்த தண்டனை இது என்னும் தடை அன்றே எழுந்தது. இன்றும் முற்றும் ஓய்ந்திலது. ஒரே மனிதர்மேல் ஒரே நாளில் உரைத்த ஒரே தீர்ப்பில், எழுதப்பட்ட பழைய விதி தண்டனையின்றி நின்றது. தண்டனை எழுதப்படாத புதிய விதி தண்டனையோடு தோன்றியது. நெறிகள் மாறும் இடைக்காலத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் ஏடு பிறிதொன்றில்லை.

7. எஞ்சியதும் பெயர்ந்ததும்

1949 ஆகஸ்டு 12-ஆம் நாள் இயற்றிய ஜெனீவா உடன்படிக்கைகளுள் இரண்டாவது, கடலிற் காயமுற்றோரையும் கப்பல் உடைந்து நீரில் வீழ்ந்தோரையும் பற்றியது. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் அத்தகையோரைத் தேடி எடுத்தற்கு இயன்ற முயற்சி அனைத்தையும் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும் என்பது அதன் 18-ஆம் பிரிவு. வணிகக் கப்பல் மாலுமிகளும் அதன் காப்புக்கு உரியர். ஈண்டு நெறியின் நிலைக்களம் பெயர்ந்தமை காண்க. பழைய விதி கப்பலைப் பற்றி நின்றது. எக்கப்பலைத் தாக்கலாம் என வினவிற்று. புதிய விதி மனிதனைப் பற்றி நின்றது. தாக்கிய பின் அவனை என் செய்தாய் என வினவிற்று. கப்பல் எது என்பதில் ஐயம் எழலாம். நீரில் தத்தளிப்போன் யார் என்பதில் ஐயம் எழாது.

கப்பலைப் பற்றிய விதியும் முற்றும் மறையவில்லை. 1994-இல் வல்லுநர் பலர் கூடி வெளியிட்ட சான்ரெமோக் கையேடு நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று. எனினும் வழக்கைத் தொகுத்துக் கூறுவது. பகைநாட்டு வணிகக் கப்பல், போர்ச்செயலில் உண்மையாகப் பங்குகொண்டாலன்றித் தாக்கத்தக்கதன்று என அது வகுத்தது. பீரங்கி, காவல், உளவு ஆகியவை பற்றிய ஐயங்கள் விதிவிலக்குகளாக அதனுள் இடம்பெற்றன. இஃது உண்மையான மாற்றம். அதாவது, பெரும்போரில் வழுவாய் நிகழ்ந்தவற்றுள் ஒரு பகுதி வரையறையோடு விதிக்குள் ஏற்கப்பட்டது. எஞ்சிய பகுதி வழுவாகவே விடப்பட்டது.

போர் தொடுத்தல் பற்றிய நெறியும் வளர்ந்தது. 1945-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பட்டயம், பிற நாட்டின்மேல் வலிமையைப் பயன்படுத்தலையும் பயன்படுத்துவதாக அச்சுறுத்தலையும் விலக்கியது. வலிந்து தாக்கும் குற்றத்தை ஆராயும் அதிகாரம் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு 2018 ஜூலை 17-ஆம் நாள் முதல் வந்தெய்தியது. ஆயினும் அமெரிக்கா, உருசியா, சீனா, இந்தியா ஆகிய பெருநாடுகள் அந்நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள் அல்ல. 1856-இன் விதி நிறைவுற ஒப்பமிடாதாரின் இசைவும் வேண்டியிருந்தது. இவ்விதியும் அவ்விசைவை நோக்கியே நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். போர், அமைதி பற்றிய பன்னாட்டு நெறிகள் மாறும் என்பது ஒன்று. மீறுதல் தானே மாறுதல் ஆகாது என்பது இரண்டு. மீறியோர் அதனை எங்ஙனம் கூறிக்கொள்கின்றனர் என்பதே வேறுபாட்டை அறியும் கருவி என்பது மூன்று. மறைப்பின் அது வழு. காரணங்காட்டி விலக்குக் கேட்பின் அது வழுவமைதியை நாடுதல். தனக்கும் தன் பகைவனுக்கும் ஒப்ப இதுவே விதியாகுக எனக் கூறி, தான் அதற்கு உட்படவும் முன்வரின், அப்போதே மாற்றம் தொடங்குகின்றது. பிறர் செய்தாற் குற்றம், யாம் செய்தால் உரிமை என்னும் கூற்றால் எந்நெறியும் மாறியதில்லை.

இது பழங்கதை அன்று. 2024 மார்ச்சு 6-ஆம் நாள் ஏடன் வளைகுடாவில் துரூ கான்பிடன்சு என்னும் சரக்குக் கப்பல், ஏமன் நாட்டு ஊத்தி இயக்கத்தினர் ஏவிய கணையால் தாக்குண்டது. மாலுமிகள் மூவர் இறந்தனர். தாக்கியோர் அரசுப் படையினரல்லர்; நாடுகள் இயற்றிய ஒப்பந்தம் எதிலும் அவர்கள் ஒப்பமிட்டவரல்லர். ஆயினும் அவர்களும் தம் செயலுக்குக் காரணங்காட்டினர். விதி இல்லை எனக் கூறினாரல்லர். உயிர் தப்பிய 21 பேரை இந்தியக் கடற்படையின் கொல்கத்தா என்னும் போர்க்கப்பல் மீட்டது. அவர்களுள் இந்தியர் ஒருவரே. ஏனையோர் பிற நாட்டினர். மீட்கச் சென்றோர் அவர்தம் நாடு யாது என வினவி நிற்கவில்லை.

110 ஆண்டுகளுக்கு முன் எம்டன் உலவிய கடலுக்கு மேற்கே இது நிகழ்ந்தது. கருவி மாறிற்று, கப்பல் மாறிற்று, தாக்குவோரும் மாறினர். நீரில் வீழ்ந்தவனை எடுக்க வேண்டும் என்னும் கடமை மட்டும், பன்முறை மீறப்பட்ட பின்னும், கடமை என்னும் பெயரை இழக்கவில்லை. அப்பெயர் உள்ளவரை, அதனை மீறுவோன் குற்றவாளியே அன்றிச் சட்டம் இயற்றியவன் ஆகான்.